தமிழ் ஏன் கேள்விக்குறியாகிறது?

கேள்வி: எக்ஸ்எம்எல் கோப்பில் தமிழ் ஒழுங்காக இருக்கிறது. ஜாவாவில் எக்ஸ்எஸ்எல்டி நடைதாள் கொண்டு வலைப்பக்கமாக மாற்றினால் எழுத்தெல்லாம் சிதைகிறது. யூடிஎஃப்-8 என்று நடைதாளில் குறித்தும் பயனில்லையே?

பதில்: எப்படிச் சிதைகிறது என்று முதலில் பாருங்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று மாறி மாறி வந்தால் கவலை வேண்டாம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். உலாவி அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது. பெரும்பாலும் கோப்பு சரியாகவே இருக்கும். சர்வர் அனுப்பும் தலைப்பில் எழுத்துக்குறியீடு தவறாக இருக்கும். பக்கத்தின் மெட்டா வரியைவிட அதற்கே செல்வாக்கு அதிகம், அதைத் திருத்துங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால் எழுதும்போதே தமிழ் தொலைந்துவிட்டது. பெரும்பாலும் குற்றவாளி ஃபைல்ரைட்டர்தான். ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகளில் அது இயங்குதளத்தின் இயல்புக் குறியீட்டில் எழுதும், விண்டோஸில் அதில் தமிழுக்கு இடமே இருக்காது. எக்ஸ்எஸ்எல்டி மாற்றிக்கு ரைட்டரைக் கொடுத்தால் நடைதாளின் அவுட்புட் வரி எழுதும் பைட்டுகளைக் கட்டுப்படுத்தாது, பாவம். ஃபைல்அவுட்புட்ஸ்ட்ரீமைக் கொடுங்கள், மாற்றி தானே யூடிஎஃப்-8இல் எழுதும்.

'அ' இருக்க வேண்டிய இடத்தில் மூலநிரலில் அ என்று தென்பட்டால் அது பிழையல்ல. உலாவி அதையும் 'அ' என்றே காட்டும்.