பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் இரவுப் பொழுது

தருமபுரி மாவட்டத்தின் தென்பகுதியில், சேர்வராயன் மலைக்கும் அரூருக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்த பாப்பிரெட்டிப்பட்டி, ஒரு வட்டத்தின் தலைமையிடமாகவும் பேரூராட்சியாகவும் விளங்குகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1644ஆம் ஆண்டு முதல் அறியப்படும் ‘ஸ்டார் இன்’ போன்ற மதுவிடுதிகளை, அதாவது ஊரார் மாலைதோறும் கூடிக் குடித்தும் உண்டும் உரையாடியும் பொழுது போக்கும் ‘பப்’ எனப்படும் பொதுவிடங்களை, இங்கு தேடுவதில் பயனில்லை. அவை அங்கே செய்யும் பணியை இவ்வட்டாரத்தில் தேநீர்க் கடையும் கூத்துக் களமும் செய்கின்றன. இரவைக் காண விரும்பிவரும் பயணி தம் நாள்களைப் பாரதக் கூத்து, அதாவது மகாபாரதக் கதையை இரவெல்லாம் நடித்துக் காட்டும் கூத்து, நடக்கும் காலத்தோடு பொருத்தி அமைத்துக்கொள்வதே சிறந்தது.

மதுவுக்கும் இம்மண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. தருமபுரியின் பழம்பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல், அதாவது தலைவனை இழந்தோர் செயலற்று வருந்திப் பாடும் பாடல், அவன் கள்ளைப் பிறரோடு பகிர்ந்த பண்பை முதலில் நினைவுகூர்கிறது. அதே நிலப்பகுதிதான் பிற்காலத்தில் மதுவிலக்கின் முதற்களமாகவும் ஆயிற்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். தருமபுரி 1965 அக்டோபரில்தான் தனி மாவட்டமாயிற்று என்பதால், பாப்பிரெட்டிப்பட்டியும் அன்று அந்த எல்லைக்குள் இருந்தது. கள், சாராயக் கடைகள் மூடப்பட்டதால் அரசு இழந்த வருவாயை ஈடுசெய்யவே 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பின்னர் 1948இல் மாகாணம் முழுதும் பரவிய விலக்கு 1971இல் நிறுத்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் எனும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன்வசம் கொண்டது. இவ்வூரில் மது என்பது இன்றும் ஓர் ஆட்சிப் பொருளாகவும் குடும்பப் பொருளாகவும் பேசப்படுவதன் பின்னணி இதுவே. கடைகளை மூடக் கோரிப் பெண்கள் திரளும் போராட்டங்கள் தமிழகத்தில் அடிக்கடி எழுவதைப் பயணி அறிந்திருப்பது நல்லது.

மது அருந்த விரும்புவோர் சட்டத்தைத் தெளிவாக அறிந்து வருக. டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. 21 வயது நிரம்பாதவர்க்கு விற்பனை இல்லை. காந்தி பிறந்த நாள், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் பிறந்த நாள், மீலாது நபி, மே நாள், குடியரசு நாள், சுதந்திர நாள் ஆகியவற்றில் கடைகள் திறப்பதில்லை. சாலையோரம், ஏரிக்கரை, வாணியாறு அணைப் பகுதி முதலிய பொதுவிடங்களில் அருந்துவது குற்றமாகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரின் குருதியில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறையிலேயே 10,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சேலம் வழியிலுள்ள மஞ்சவாடிக் கணவாயின் வளைவுகளை இரவில் கடக்க வேண்டியவர்க்குத் தண்டத்தினும் உயிரே பெரிது. அமர்ந்து அருந்தும் வசதியோடு கூடிய உரிமம் பெற்ற விடுதிகள் வேண்டுவோர் சேலத்திலோ ஏற்காட்டிலோ தங்குவதே முறை.

எவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் கள்ளச்சாராயத்தைத் தொடற்க. மெத்தனால் எனும் தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த சாராயம் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழித்து உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இதனாலேயே. பனங்கள், தென்னங்கள் விற்பனையும் 1987 முதல் தடையில் உள்ளது. ஆனால் பதநீர் தடைக்குட்பட்டதன்று: பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் நுரைத்துப் புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும் அச்சாற்றை, வெயில் காலத்து விடியலில், வெப்பம் ஏறுமுன் அருந்துவதே சுவை.

இனிக் கூத்து. பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதத் திருவிழா நடைபெறும். பெரும்பாலும் 18 நாள் அளவினதாகிய இவ்விழாவில், பிற்பகலில் பிரசங்கி எனப்படுபவர் வில்லிபுத்தூராரின் பாரதத்தை இசையோடு பாடிப் பொருள் விரிப்பார். அன்று சொன்ன கதையையே இரவில் கூத்துக் கலைஞர் நடித்துக் காட்டுவர். பல ஊர்களில் முதல் சில நாள்கள் பிரசங்கத்தோடு அமைந்து, பிற்பகுதியிலேயே கூத்து தொடங்கும் என்பதால், கோயில் சுவரிலும் தேநீர்க் கடைகளிலும் ஒட்டப்படும் விழா நோட்டீசைப் படித்து, எந்த இரவு எந்தக் கதை என்பதைத் தெரிந்துகொள்க.

ஆட்டம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நீளும். மிருதங்கம், முகவீணை எனும் சிறு குழற்கருவி, ஆர்மோனியம், தாளம் ஆகியவை முழங்க, கட்டியங்காரன் எனும் கோமாளி முதலில் தோன்றி அவையோரைச் சிரிக்க வைத்துக் கதைக்குள் இழுப்பான். வேந்தர் வேடத்தினர் இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று பாடி, சிறிது சிறிதாகத் தம்மைக் காட்டிய பின்னரே வெளிப்படுவர். முருக்கு போன்ற மென்மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டை எனும் தோளணியும் அணிந்து அவர்கள் சுழலும்போது விளக்கொளி அவற்றில் தெறிக்கும். இந்த வேகத்தைத் தொலைவில் நாற்காலியிலிருந்து காண்பதைவிட முன்வரிசையில் தரையில் அமர்ந்து காண்பதே சிறப்பு. ஆகவே பாயும் போர்வையும் கொண்டு செல்க. ஒப்பனைக் கொட்டகையையும் பார்க்க விரும்பினால், மாலையிலேயே வாத்தியாரிடம், அதாவது குழுவை நடத்தும் மூத்த கலைஞரிடம், இசைவு பெறுக.

ஒரே ஓர் இரவுதான் வாய்க்கும் என்போர் துகில் உரிதலையோ பதினெட்டாம் போரையோ தேர்க. துகில் உரியும் காட்சியில் திரௌபதி வேடமிட்ட ஆணுக்குக் கர்ப்பூரம் காட்டப்படும். அப்போது அங்கிருப்போர்க்கு அது நாடகமன்று, வழிபாடு. படமெடுப்பதை நிறுத்திக் கைகூப்புவதே பண்பு. அர்ச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த மரத்தின்மேல் படிப்படியாகப் பாடியேறி, உச்சியிலிருந்து விபூதியும் எலுமிச்சையும் வீச, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பர். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம்: மண்ணால் வடித்துக் கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின்மேல் இறுதிப் போர் நடந்து, தொடை பிளக்கப்பட்டதும் திரௌபதி கூந்தல் முடிப்பாள், அன்று மாலை தீமிதி. குடித்துவிட்டுக் களத்துக்கு வருவது காப்புக் கட்டி விரதமிருப்போரை அவமதிப்பதாகும். மேடைக்கருகே அன்பளிப்பாகத் தரும் தொகை, கொடுத்தவர் பெயரோடு அறிவிக்கப்படும். சிறு தொகையாயினும் கலைஞர்க்கு அது ஊக்கம், தவறாமல் தருக.

உணவுக்குப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பரோட்டாக் கடைகளும் இட்லிக் கடைகளும் முன்னிரவு வரை இருக்கும். அதன்பின் களத்தருகே முளைக்கும் தற்காலிகத் தேநீர்க் கடைகளே துணை. கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பகலிலேயே கேட்டு வைத்துக்கொள்க. தங்கும் விடுதிகள் தருமபுரியிலும் சேலத்திலும் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், விடியும்வரை கூத்துப் பார்ப்பவர்க்கு அறை பெரிதும் தேவைப்படாது. காலை முதற்பேருந்தில் பொம்மிடி சென்றால், சேலம்–ஜோலார்பேட்டை இருப்புப் பாதையில் அங்கு நிற்கும் வண்டியொன்றைப் பிடித்து உறங்கியபடியே ஊர் திரும்பலாம்.