ஆறாத பாதப் புண்ணுக்கு ஜெல் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. பாதத்தின் அடியில் வந்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை. 'கட்டுப் போடாமல் காற்றாட விட்டால்தான் காயும்' என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரோ ஹைட்ரோஜெல் கட்டு போடச் சொல்கிறார். வளர்ச்சிக் காரணி கலந்த ஜெல் இன்னும் சீக்கிரம் ஆற்றும் என்றும் கேள்விப்பட்டேன். விலை அதிகமானாலும் வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புண் காய்வது வேறு, ஆறுவது வேறு. 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வில், ஈரம் போகாமல் மூடிவைத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. ஹைட்ரோஜெல் என்பது நீரை ஏராளமாகப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலை. உலர்ந்த புண்ணுக்கும், மஞ்சளாக அழுகல் படிந்த புண்ணுக்கும் அது நல்லது. நீர் அதிகம் கசியும் புண்ணுக்கு வேண்டாம். சுற்றியுள்ள தோல் ஊறிப்போகும். ரத்த ஓட்டமின்றிக் காய்ந்து கறுத்துப்போன விரலையும் ஈரப்படுத்தக் கூடாது.

வளர்ச்சிக் காரணிகள், செல்களைப் பெருகவும் நகரவும் தூண்டும் புரதங்கள். நாள்பட்ட புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருப்பதால், மேலே தடவும் காரணி வெகுநேரம் தங்குவதில்லை. அதனால்தான் ஜெலட்டின், ஹெப்பாரின் போன்றவற்றால் அதை ஜெல்லுக்குள் பிணைத்து, சிறிது சிறிதாக வெளிவரச் செய்ய ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். அப்படிப்பட்ட ஜெல்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

வளர்ச்சிக் காரணி ஜெல்களில் நடைமுறைக்கு வந்தவையும் உண்டு. பி.டி.ஜி.எஃப் என்ற காரணி கொண்ட ரெக்ரானெக்ஸ் ஜெல்லுக்கு அமெரிக்கா 1997-இல் அனுமதி தந்தது. அதன் முக்கிய ஆய்வில், 20 வாரத்துக்குள் புண் முழுதாக மூடியவர்கள் மருந்து ஜெல் போட்டவர்களில் 50 சதவீதம், வெற்று ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம். புற்றுநோய் குறித்து 2008-இல் சேர்க்கப்பட்ட கடும் எச்சரிக்கை 2018-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் கட்டி உள்ள இடத்தில் தடவக் கூடாது. இ.ஜி.எஃப் என்ற வேறொரு காரணி கொண்ட ரீஜென்-டி ஜெல்லை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் உருவாக்கியது.

பலன் உண்மை, ஆனால் மருந்து போட்டவர்களிலும் பாதிப் பேருக்கு ஆறவில்லை என்பதைப் பாருங்கள். ஜெல்லுக்கு முன்னால் செய்ய வேண்டியவை நான்கு. காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா என்று சோதியுங்கள். அடைப்பிருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த ஜெல்லும் பயன் தராது. அழுகிய சதையை மருத்துவர் சுத்தமாக அகற்ற வேண்டும். கிருமித்தொற்றையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும்விட, புண்ணின் மேல் உடல் எடை விழக் கூடாது. உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாது. அம்மா அதே புண்ணை மிதித்து நடந்துகொண்டே இருப்பார். அழுத்தம் குறைக்கும் மாவுக்கட்டோ தனிக் காலணியோ கேட்டு வாங்குங்கள்.

இவற்றைச் சரியாகச் செய்து, வாரந்தோறும் புண்ணை அளந்து வாருங்கள். நான்கு வாரத்தில் பரப்பளவு பாதியாகக் குறையாவிட்டால், வளர்ச்சிக் காரணி ஜெல் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அப்போது அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், கறுத்த நிறம், எலும்பு தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.