காலைச் சர்க்கரையை மட்டும் பார்த்து ஊசியைக் கூட்டாதே

அன்புள்ள தம்பி,

சொந்த ஊரிலேயே கிளினிக் போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இந்தப் பேச்சு இதற்குள் உன் காதில் விழுந்திருக்கும்: “ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் டாக்டர். படுக்கும்போது 130. காலைல பார்த்தா 180. எப்படி ஏறுது?” பக்கத்தில் நிற்கும் மகன் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பார். நடுராத்திரியில் பிரிட்ஜைத் திறந்திருப்பார் என்று சந்தேகம். நீயும் மகன் கட்சியில் சேர்ந்துவிடாதே. பெரும்பாலும் பெரியவர் சொல்வது நிஜம்தான்.

சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொடுப்பது முக்கியமாகக் கல்லீரல். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறவர் மாதிரி, விடிவதற்குச் சில மணி நேரம் முன்பே அது கூடுதலாக வேலை பார்க்கத் தொடங்கிவிடும். இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனும், விடியலை ஒட்டி ஏறும் கார்ட்டிசாலும் இதற்குக் காரணம். சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் கொஞ்சம் அதிகமாக இன்சுலின் விட்டுச் சரிக்கட்டிவிடும். இவருக்கு அது முடியவில்லை. 1981இல் ஷ்மிட்டும் சகாக்களும் எழுதிய கட்டுரையிலிருந்து இதை ‘டான் ஃபினாமினன்’ என்கிறோம். எழுந்ததும் 150 இருந்தது, வாக்கிங் போய்விட்டு லேபுக்கு வந்தால் 170 என்று குழம்புகிறவர்களும் உண்டு. காலை உணவு தள்ளிப்போகப் போகச் சிலருக்கு இந்த ஏற்றம் தொடரும். ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறேன் என்று கிளம்புகிறவரைத் தடுத்துவிடு. ஊசியோ சல்ஃபொனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் அது ஆபத்து.

ஆனால் காலையில் கூடியதெல்லாம் விடியலின் வேலை என்று முடிவு கட்டிவிடாதே. நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது இதைவிடச் சாதாரணமான காரணம். படுக்கும்போதே 240, காலையிலும் 240. ஒன்பதரை மணி சீரியல் முடிந்து பத்து மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு படுக்கை. அங்கே ஹார்மோன் பாடம் நடத்தாதே, சாப்பாட்டு நேரத்தையும் மருந்தின் அளவையும் பார்.

இரவில் தாழ்நிலைக்குப் போய், உடம்பு அதை எதிர்த்துக் காலையில் எகிறவைக்கிறது என்ற கதையும் உனக்குத் தெரியும். 1930களில் செயின்ட் லூயிஸில் மைக்கேல் சோமோகி சொன்னது. பரீட்சையில் அதை எழுதித்தான் பாஸ் செய்திருப்பாய். தொடர்ந்து அளக்கும் சென்சார்கள் வந்த பிறகு பார்த்தால், இரவில் தாழ்ந்தவர்களுக்குக் காலை அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் இப்போது நம்பிக்கை குறைவு. அதற்காக இரவுத் தாழ்நிலையைத் தேடாமல் விடக்கூடாது. காலை அளவு எதுவாக இருந்தாலும் அது தனி ஆபத்து.

ஒரு அம்மாவைச் சொல்கிறேன். அறுபது தாண்டியவர். 30/70 ஊசி, காலையும் இரவும். வெறும் வயிற்றில் எப்போதும் இருநூறுக்கு மேல். அதைப் பார்த்துப் பார்த்தே ராத்திரி டோஸ் ஏறிக்கொண்டே போயிருந்தது. ஃபைலில் எல்லாம் இருந்தது, ராத்திரி மட்டும் இல்லை. வீட்டுக்காரரிடம் தூக்கம் எப்படி என்று கேட்டேன். “மூணு மணிக்கு ரவிக்கை நனையற அளவுக்கு வேர்த்து எழுந்திருவா. கை நடுங்கும். பால்ல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன். அப்புறம் நாலஞ்சு பிஸ்கெட். சரியாயிடும்.” அவர் இதை ஒரு வியாதியாகவே நினைக்கவில்லை, அதனால் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அளந்து பார்க்கச் சொன்னோம்: 58. காலை இருநூறில் பாலுக்கும் பிஸ்கெட்டுக்கும் பெரிய பங்கு. ராத்திரி டோஸைக் குறைத்ததும் மூன்று மணி வேர்வை நின்றது, காலை அளவும் இறங்கியது.

ஊசியின் நேரக் கணக்கும் இதில் இருக்கிறது. அந்தக் கலவையில் எழுபது பங்கு என்பிஎச். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் அதன் உச்சம் நடுராத்திரிக்குப் பிறகு, தேவை குறைவாக இருக்கும் நேரத்தில். தேவை ஏறும் விடியற்காலையில் அது தேய்ந்துகொண்டிருக்கும். அங்கே டோஸைக் கூட்டினால் மூன்று மணிப் பள்ளம்தான் ஆழமாகும். என்பிஎச் பங்கைப் பிரித்துப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளலாம். வசதி இருந்தால் கிளார்ஜின் போல உச்சம் அதிகமில்லாத ஊசிக்கு மாற்றலாம்.

அதற்கு முன்னால் சிரிஞ்சை எடுத்து வரச் சொல். அரசு மருத்துவமனையில் வாங்கிய 40 யூனிட் குப்பிக்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சைப் பயன்படுத்துகிறவர் உண்டு. 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சிவப்பு மூடிதான் சரி. சட்டையைத் தூக்கி வயிற்றையும் தடவிப் பார். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டியிருந்தால் மருந்து ஒழுங்காக ஏறாது. வீட்டில் விரலில் பார்க்கிறவரா? கை கழுவினாரா என்று கேள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த சொட்டு மாம்பழத்தையும் சேர்த்துத்தான் காட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், ஒரு வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் படுக்கும்போது, மூன்று மணிக்கு, எழுந்ததும் என்று பார்த்து எழுதி வரச் சொல். ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும், அதனால்தான் தினமும் கேட்கச் சொல்லவில்லை. முடிந்தவருக்குப் பதினான்கு நாள் சென்சார் ஒன்று. எதுவுமே முடியாதவரிடம் பக்கத்தில் படுப்பவரை விசாரி: வேர்வை, கெட்ட கனவு, காலைத் தலைவலி, எழுப்பினால் முழிக்காத தூக்கம்.

தனியாக இருக்கும் வயதானவர், கிட்னி பழுதானவர், கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர், இவர்களிடம் காலை நூறுக்கு ஆசைப்படாதே. 150 வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்று மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல். தேறவில்லை என்றால் இன்னொரு தடவை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை அனுப்பாதே. இரவில் அப்படி இறங்கியிருந்தால், காலையில் அழகாக 110 காட்டினாலும், அடுத்த ஊசி போடுவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்யச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சீனியர்