நோயாளியின் நிர்ப்பந்தமும் கஞ்சாவும்

போதை தருவது எதுவாயினும் அது மதுவின் இனத்தைச் சேர்ந்ததே என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஆகவே உல்லாசத்துக்காகக் கஞ்சா உட்கொள்வது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நோயாளியின் விஷயம் என்ன? அமெரிக்காவில் கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி கேட்டு எழுந்த இயக்கம் வலுப்பெற்றது இந்தக் கேள்வியைக் கொண்டுதான்.

வாஷிங்டன் நகரில் ராபர்ட் ராண்டல் என்னும் இளைஞருக்குக் கிளாக்கோமா நோய். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை சிறுகச் சிறுகப் போய்விடும் நோய் அது. அன்றிருந்த மருந்துகள் அவருக்குப் போதவில்லை. கஞ்சா புகைத்தால் அழுத்தம் தணிவதைக் கண்டு, வீட்டிலேயே செடி வளர்த்தார். 1975-ல் வழக்குத் தொடரப்பட்டது. பார்வையைக் காத்துக்கொள்ள அவருக்கு வேறு வழியில்லை என்பதை ஏற்று, 1976 நவம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னர் அரசாங்கமே அவருக்குக் கஞ்சா வழங்கிற்று. 1981-ல் அவரும் அவருடைய துணைவியாரும் பிற நோயாளிகளுக்காக ஒரு சங்கம் அமைத்தனர்.

இதைப் படிக்கையில் ஃபிக்ஹு கிதாபுகளில் நாம் ஓதிய ‘ளரூரத்’ பாடம்தான் நினைவுக்கு வருகிறது. பட்டாடை ஆண்களுக்கு ஹராம். எனினும் உடலில் அரிப்பு கண்ட ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் அதை அணிய அனுமதித்தார்கள். மதுவை மருந்தாக்குவதையோ தடுத்துவிட்டார்கள். மது அல்லாத மயக்க மருந்து வேறு மஸ்அலா. அழுகிப்போன கையை வெட்டி எடுப்பதற்காகப் புத்தியை மயக்கும் பொருளை உட்கொள்வது கூடும் என்பதே மிகச் சரியான சொல் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள்.

ஆனால் நிர்ப்பந்தத்தால் கிடைத்த சலுகை நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்கும். ராண்டலின் நோய்க்கே 1978-ல் டிமோலால் என்ற கண் சொட்டு மருந்து அங்கே அங்கீகாரம் பெற்றது. கஞ்சாவின் பலனோ மூன்று நான்கு மணி நேரமே. இன்றைய கண் வைத்தியர்கள் இந்நோய்க்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. 1976-ல் ஒருவருக்கு நிர்ப்பந்தமாக இருந்தது, மருந்து வந்தபின் மற்றவருக்கும் நிர்ப்பந்தமாகிவிடாது.

இயக்கம் அந்த அளவோடு நிற்கவில்லை. 1996-ல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, வைத்தியர் பரிந்துரைத்த நோயாளிகளுக்குக் கஞ்சாவை அனுமதித்தனர். எய்ட்ஸ், புற்றுநோய் கண்டவர்களின் வேதனை அவர்கள் உள்ளத்தைத் தொட்டிருந்தது. 2016-ல் அதே மாநிலம் 21 வயதான எவருக்கும் வாசலைத் திறந்துவிட்டது! நோயாளி தட்டிய கதவில் உல்லாசக்காரர் நுழைந்துவிட்டார். அது நோயாளியின் குற்றமன்று.

2018-ல் குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்கள் இரண்டுக்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தராத மருந்தொன்றை அமெரிக்க அரசு அங்கீகரித்தது. ஷாஃபிஈ மத்ஹபில் அச்செடி நஜீஸ் அல்ல. விலக்குக்குக் காரணம் போதையே. ஆகவே ஒரு தாய் வந்து இப்படியொரு மருந்தைப் பற்றிக் கேட்டால், இதில் போதை உண்டா, வேறு மருந்து உண்டா, நம்பத்தகுந்த வைத்தியர் சொன்னாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமலே ‘ஹராம்’ என்று சொல்லி அனுப்பிவிடும் ஆலிம்கள் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்கள்தாம்.