நீலக்குறிஞ்சி: பூக்காத ஆண்டுகளில்தான் ஆபத்து

மேற்குத் தொடர்ச்சி மலையில், 1,300 மீட்டருக்கு மேலான புல்வெளிகளில் வளரும் புதர்ச்செடி நீலக்குறிஞ்சி. பூக்கும் ஆண்டில் எல்லோரும் மலையேறிப் போய்ப் பார்க்கிறார்கள். ஆனாலும் அதைப் பற்றிய தவறான எண்ணங்கள் மாறவில்லை.

நம்பிக்கை: ஒரே செடி 12 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பூக்கும்.

உண்மை: ஒரு செடி தன் ஆயுளில் ஒரே முறைதான் பூக்கிறது. பூத்து, காய்த்து, விதை சிந்தியதும் பட்டுப்போகிறது. மூணாற்றில் 2006-இல் பூத்த செடிகளின் விதையிலிருந்து வந்தவையே 2018-இல் பூத்தன.

நம்பிக்கை: குறிஞ்சி எங்கும் ஒரே ஆண்டில் பூக்கும்.

உண்மை: மூணாற்றில் 2018-இல் பூத்தது, கர்நாடகத்தின் சிக்மகளூர் மலைகளில் 2022-இல் பூத்தது. ஒவ்வொரு மலைக்கும் தனிக் கணக்கு. குறிஞ்சிப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. ஆண்டுதோறும் பூப்பவையும் அவற்றில் இருக்கின்றன. நடுவில் ஏதோ ஓர் ஆண்டில் “குறிஞ்சி பூத்தது” என்று செய்தி வந்தால், எந்த இனம், எந்த மலை என்று கேட்க வேண்டும்.

நம்பிக்கை: லட்சக்கணக்கில் பூக்கிறது, ஒரு கொத்துப் பறித்தால் என்ன?

உண்மை: பறித்த கொத்தில் இருந்தது அந்தச் செடியின் விதை. மறு ஆண்டு பூத்து ஈடுசெய்ய அந்தச் செடி உயிரோடு இருக்காது.

நம்பிக்கை: மரமில்லாத மலைச்சரிவு வெறும் தரிசு, மரம் நட்டால் காடாகும்.

உண்மை: எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்தது இந்த எண்ணமே. பள்ளத்தில் சோலைக்காடு, அதைச் சுற்றிச் சரிவெல்லாம் புல்வெளி: இதுதான் அந்த உயர்மலைகளின் இயல்பான அமைப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, நாடு விடுதலை பெற்ற பிறகும், நீலகிரியிலும் பழனி மலையிலும் அந்தப் புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து முளைக்கும். வெட்டினாலும் தீயிட்டாலும் திரும்ப எழும். அந்த நிழலில் வெயில் தேடும் புல் மறைகிறது, புல்லோடு குறிஞ்சியும் மறைகிறது.

நம்பிக்கை: சரணாலயம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை.

உண்மை: கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது 2006-இல். ஆனால் குறிஞ்சி வளரும் சரிவுகள் பல அதன் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன.

மூணாறு, கொடைக்கானல் பக்கம் அடுத்த பெரும் பூப்பை 2030-இல் எதிர்பார்க்கலாம். அன்று பூக்க வேண்டிய செடிகள் இப்போது பூவின்றிப் பச்சையாக நிற்கின்றன. சீகையை அகற்றவும், புல்வெளியில் வண்டி ஏறாமல், தீ பரவாமல் தடுக்கவும் வேண்டிய காலம் இதுதான்.