ஒரு ஃபைல், இரண்டு ஃபோல்டர்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது ஃபோல்டர் உருவாக்குவது. அடுத்துச் செய்யும் தவறு, ஒரே ஃபைலை நாலு ஃபோல்டரில் காப்பி செய்து வைப்பது. என் மாமாவும் அதைத்தான் செய்தார்.

எங்கள் ஊர் மங்களூர். கர்நாடகத்தில் இருப்பது அல்ல, விருத்தாசலம் பக்கம் உள்ளது. மாமா விருத்தாசலத்தில் பீங்கான் அகல் விளக்கு செய்து விற்கிறார். எக்ஸெல்லில் போட்ட விலைப்பட்டியலை 'விளக்கு' ஃபோல்டரில் வைத்து, 'வியாபாரிகள்' ஃபோல்டரிலும் ஒரு காப்பி வைத்திருந்தார். கார்த்திகைக்கு முன் முதல் ஃபைலில் மட்டும் விலையை மாற்றினார். ஈமெயிலில் போனதோ பழைய காப்பி. சொன்ன விலையை மாற்ற மனமில்லாமல், அந்த சீசன் முழுக்கப் பழைய விலைக்கே சரக்கு அனுப்பினார். "ஃபோல்டர் போட்டு ஒழுங்காத்தானே மாப்ளே வச்சிருந்தேன்?" என்றார்.

ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். ஃபோல்டர் என்பது மரம் போன்ற அமைப்பு. ஓர் இலை ஒரு கிளையில்தான் இருக்க முடியும். விலைப்பட்டியலோ விளக்குக்கும் சொந்தம், வியாபாரிக்கும் சொந்தம்.

ஊர்களை அமைப்பதிலும் இதே சிக்கல் உண்டு என்று காட்டியவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் (1936-2022). கணிதமும் கட்டடக்கலையும் படித்தவர். 1964-ல் வெளியிட்ட நூலில், 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமத்தை எப்படித் திருத்தி அமைப்பது என்று ஆராய்ந்தார். வீட்டின் வடிவத்தோடு நிற்கவில்லை. மாடு, பாசனம், கல்யாணம், சாதி என்று 141 விஷயங்களைப் பட்டியல் போட்டு, எது எதோடு தொடர்புடையது என்று குறித்து, கம்ப்யூட்டர் முறையில் பிரித்தார். கிடைத்தவை 4 பெரிய பிரிவுகள், அவற்றுக்குள் 12 சிறிய பிரிவுகள். நம் பாஷையில் 4 ஃபோல்டர், 12 சப்-ஃபோல்டர்!

மறு வருடமே, 1965-ல், நகரம் என்பது மரம் அல்ல என்று ஒரு கட்டுரை எழுதினார். சண்டிகர் போன்ற திட்டமிட்ட நகரங்கள் மர அமைப்பில் இருப்பதுதான் அவற்றின் குறை என்றார். அவர் தந்த உதாரணம் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு தெருமுனை. அங்கே ஒரு சிக்னல், பக்கத்தில் மருந்துக்கடை, வாசலில் செய்தித்தாள் ஸ்டாண்ட். சிவப்பு விளக்குக்காக நிற்பவர்கள் தலைப்புச் செய்தியைப் படிப்பார்கள், சிலர் வாங்குவார்கள். அப்படியானால் சிக்னல் போக்குவரத்துக்கு மட்டுமா சொந்தம்?

நம் பஸ் ஸ்டாப் டீக்கடையும் இதே கதைதான். பஸ்ஸுக்கு நிற்பவர் டீ குடிப்பார், பேப்பர் பார்ப்பார், நாலு பேரிடம் ஊர் சேதி விசாரிப்பார். 'போக்குவரத்து', 'கடைகள்' என்று வரைபடத்தில் தனித்தனி ஃபோல்டர் போட்டு, கடையை அரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். கடையில் வியாபாரம் போகும், ஸ்டாப்பில் பேச்சுத் துணை போகும். (எங்கள் மென்பொருள் துறையும் இவருக்குக் கடன்பட்டது. 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற கருத்து இவரிடமிருந்து வந்ததுதான்.)

சரி, மாமாவின் ஃபைலுக்கு வருவோம். காப்பி வேண்டாம், ஷார்ட்கட் போதும். ஒரிஜினல் ஃபைலை மவுஸின் வலது பட்டனை அழுத்தியபடியே இழுத்து, அடுத்த ஃபோல்டரில் விடுங்கள். வரும் மெனுவில் 'கிரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். சிறிய அம்புக்குறியுடன் ஓர் ஐகான் தோன்றும். இனி எந்த ஃபோல்டரிலிருந்து திறந்தாலும் திறப்பது அந்த ஒரே ஃபைல்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பென் டிரைவில் ஷார்ட்கட்டை மட்டும் காப்பி செய்தால் ஃபைல் கூட வராது. மாமா அடுத்த வாரம் அதையும் செய்து பார்த்துவிட்டார்.