அதிகம் படிக்காத வீடும் பிள்ளையின் படிப்பும்

கேள்வி: நானும் கணவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். பாடம் சொல்லித்தர எங்களுக்குத் தெரியாது. எங்களால் அவள் படிப்பு கெடுமா?
- ஒரு வாசகி, தருமபுரி

பதில்: கெடாது, சகோதரி. பாடம் நடத்துவது ஆசிரியரின் வேலை. வீட்டின் வேலை வேறு. மாலையில் டி.வி.யை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேளுங்கள். அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்வதே நல்ல மறுபடிப்பு. அதைவிடப் பெரிய கடமை ஒன்று உண்டு. "பொட்டப்புள்ளைக்கு இது போதும், மாப்பிள்ளை பாருங்க" என்று உறவினர்கள் வருவார்கள். அப்போது நீங்கள் இருவரும் அசையாமல் நிற்க வேண்டும். பல பெண்களின் படிப்பு மதிப்பெண்ணால் நிற்கவில்லை, இந்தப் பேச்சால்தான் நின்றது.

வீட்டால் முடியாததைச் சமூகம் தாங்க வேண்டும். காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022-ல் வந்த காலை உணவும் அப்படிப் பிறந்தவையே. உங்கள் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரி சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நீட் தேர்ச்சி பெற்றால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இவற்றை இழக்காமல் இருக்க, கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை. படிக்கவில்லையே என்று கூசாமல் அடுத்த கூட்டத்துக்குப் போய், மகளின் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.